அளவுநாடா இல்லாத பந்தயம்: ஆணழகன் போட்டியின் திரைமறைவுக் கதை

சாண்டோ சின்னப்பா தேவரைத் தெரியாத பழைய தமிழ் சினிமா ரசிகர் இருக்க மாட்டார். யானையையும் ஆட்டையும் நடிக்க வைத்துப் படமெடுத்த கோயம்புத்தூர்க்காரர். பெயருக்கு முன்னால் இருக்கும் அந்தச் ‘சாண்டோ’ ஏதோ ஊர்ப் பெயர் என்றுதான் சின்ன வயதில் நினைத்திருந்தேன். உடம்பை முறுக்கேற்றி வைத்திருப்பவருக்கு அந்தக் காலத்தில் கொடுத்த பட்டம் அது என்று அப்புறம்தான் தெரிந்தது. அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் ஒரு ஜெர்மானியர்: யூஜென் சாண்டோ. 1867இல் பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க் நகரத்தில் பிறந்தவர். அதுவும் மேடைக்காக வைத்துக்கொண்ட பெயர்தான். வீட்டில் வைத்தது ஃப்ரீட்ரிஷ் வில்ஹெல்ம் முல்லர்.

ஆணழகன் போட்டி என்று நாம் சொல்லும் விஷயம் இந்த மனிதரிடமிருந்துதான் கிளம்புகிறது. அவரிடம் போவதற்கு முன்னால் ஒரு அடிப்படை விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அது புரியாவிட்டால் மற்றது எதுவும் புரியாது.

ஓட்டப் பந்தயத்தில் கடிகாரம் தீர்ப்புச் சொல்லிவிடும். பளுதூக்குதலில் கம்பி மேலே போனதா இல்லையா என்று எல்லோருக்கும் தெரியும். ஆணழகன் போட்டியில் புயத்தை நாடா வைத்து அளப்பதில்லை. எத்தனை கிலோ தூக்குவாய் என்றும் கேட்பதில்லை. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஐந்தோ ஏழோ ஒன்பதோ பேர் பார்க்கிறார்கள், தாளில் எழுதுகிறார்கள், அவ்வளவுதான். கண்தான் தராசு. அப்படியானால் அந்த மேசையில் ஆளை உட்கார வைத்தது யார், மேடை யாருடையது, ஜெயித்தவன் படத்தை எந்தப் பத்திரிகை அட்டையில் போட்டது என்ற கேள்விகளெல்லாம் முக்கியமாகிவிடுகின்றன. நூறு வருஷத்துக்கு மேலான இந்தக் கதையில் பல சமயம் இந்த மூன்று வேலையையும் ஒரே ஆள் செய்திருக்கிறார். அதுதான் இதில் சுவாரசியம்.

தாளில் என்ன எழுதுகிறார்கள்?

போட்டியாளர்களை வரிசையாக நிறுத்தி, சொன்ன போஸ்களைச் செய்யச் சொல்வார்கள். இரண்டு கையையும் மடக்கிப் புயத்தைக் காட்டும் டபுள் பைசெப்ஸ், முதுகை விசிறி மாதிரி விரிக்கும் லேட் ஸ்பிரெட், பக்கவாட்டில் திரும்பி நெஞ்சை நிமிர்த்தும் சைட் செஸ்ட், வயிறும் தொடையும் தெரிகிற போஸ் என்று ஒரு பட்டியல் உண்டு. எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே போஸில் நிற்கும்போதுதான் வித்தியாசம் தெரியும். முன்னால் இருந்து பார்த்தால் மலை மாதிரி இருப்பவன், திரும்பி முதுகைக் காட்டியதும் சுருங்கிவிடுவான்.

நடுவர்கள் பார்ப்பது என்ன? ஜிம் பாஷையிலேயே சொல்கிறேன். தசை எவ்வளவு பெரியது என்பது சைஸ். மேல் உடம்பும் கீழ் உடம்பும், இடதும் வலதும் ஒன்றுக்கொன்று பொருந்தியிருப்பது சிமெட்ரி. தோலுக்கு அடியில் கொழுப்பும் நீரும் இல்லாமல், தசைகள் தனித்தனியாகக் கோடு போட்டுத் தெரிவது கட்ஸ், அல்லது கண்டிஷன். மூன்றும் வேண்டும் என்று எல்லா விதிப் புத்தகமும் சொல்லும். மூன்றில் எதற்கு முதலிடம் என்பதில்தான் சண்டையே.

மதிப்பெண் முறையும் கொஞ்சம் தலைகீழ். முதலிடம் என்று நினைப்பவருக்கு 1, அடுத்தவருக்கு 2 என்று போடுவார்கள். கூட்டினால் குறைவாக வருபவர் ஜெயிப்பார். ஐந்து நடுவர்கள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். குமாருக்கு 1, 1, 2, 1, 5 என்று போடுகிறார்கள். செல்வத்துக்கு 2, 2, 1, 2, 1. அப்படியே கூட்டினால் குமாருக்கு 10, செல்வத்துக்கு 8. செல்வம் ஜெயித்துவிடுவான். ஐந்து பேரில் மூன்று பேர் குமாரைத்தான் முதலிடத்தில் வைத்திருக்கிறார்கள். கடைசி நடுவர் ஒருவர் போட்ட 5 எல்லாவற்றையும் கவிழ்த்துவிட்டது. இதைத் தடுக்கத்தான் ஒவ்வொருவர் கணக்கிலும் மிக அதிகமான ஒன்றையும் மிகக் குறைவான ஒன்றையும் அடித்துவிடுவார்கள். இப்போது குமாருக்கு 4, செல்வத்துக்கு 5. கிண்ணம் குமாருக்கு. ஒரு ஆள் வேண்டுமென்றே கவிழ்க்க முடியும் என்று தெரிந்துதானே இப்படி ஒரு விதி வந்திருக்கும்? அதை நினைத்துப் பார்த்தால் இந்த விளையாட்டின் பழைய சண்டைகள் கண்ணுக்குத் தெரியும்.

பவுடர் பூசிய கிரேக்கச் சிலை

சரி, சாண்டோ. 1893இல் சிகாகோவில் உலகக் கண்காட்சி நடந்தபோது ஃப்ளோரன்ஸ் ஸீக்ஃபெல்ட் என்ற நிகழ்ச்சி அமைப்பாளர் இவரை மேடையேற்றினார். பலசாலிகள் குண்டைத் தூக்கிக் காட்டுவது அப்போது புதிதில்லை. ஆனால் ஜனங்கள் குண்டைப் பார்க்கவில்லை, தூக்கும் ஆளின் உடம்பைப் பார்க்கிறார்கள் என்பதை ஸீக்ஃபெல்ட் கவனித்துவிட்டார். அதோடு சாண்டோவைச் சும்மா நின்று தசையைக் காட்டச் சொன்னார். தர்மத்துக்கு 300 டாலர் கொடுக்கும் சீமாட்டிகள் காட்சி முடிந்ததும் பின்னறைக்கு வந்து தசையைத் தொட்டுப் பார்க்கலாம் என்றும் அறிவித்தார். திரைமறைவு என்றால் நிஜமாகவே திரைமறைவு.

சாண்டோ தன் உடம்பில் வெள்ளைப் பவுடர் பூசிக்கொண்டு கிரேக்கப் பளிங்குச் சிலை மாதிரி நிற்பார். இன்றைக்குப் போட்டியாளர்கள் செய்வது இதற்கு நேர் எதிர்: கருஞ்சிவப்பான பழுப்பு நிறத்தைப் பூசிக்கொள்கிறார்கள். மேடை விளக்கின் வெளிச்சத்தில் வெளிர் நிறத் தோல் எல்லாவற்றையும் ஒரே தகடாகக் காட்டும். பழுப்புப் பூச்சில்தான் கோடுகள் நிழலாக விழும். நம் ஆட்கள் இயல்பிலேயே கறுப்பாக இருந்தாலும் பூசித்தான் ஆக வேண்டும்.

1901 செப்டம்பர் 14ஆம் தேதி லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் சாண்டோ நடத்தியதுதான் முதல் பெரிய போட்டி. அதற்கு முன் சில வருஷங்களாக மாவட்டம் மாவட்டமாகத் தேர்வு நடத்தி ஆள் சேர்த்திருந்தார். இறுதிச் சுற்றில் 60 பேர். கறுப்பு இறுக்கக் காலுடை, இடுப்பில் பெல்ட், மேலே சிறுத்தைத் தோல். நடுவர்கள் மூன்று பேர்: சார்லஸ் லாஸ் என்ற சிற்பி, ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கோனன் டாயில், அப்புறம் சாண்டோவே. போட்டியை விளம்பரப்படுத்தியது அவர் நடத்திய பத்திரிகை. பரிசு? சாண்டோவின் உருவச் சிலை!

ஆனால் சாண்டோவின் விதிகளைப் பார்த்தால் மரியாதை வருகிறது. மொத்த வளர்ச்சி, வளர்ச்சியில் சமநிலை, தசையின் உறுதி, பொதுவான உடல்நலம், தோலின் நிலை. வெறும் பெருத்த உடம்புக்குப் பரிசு இல்லை என்று அர்த்தம். நாட்டிங்ஹாமைச் சேர்ந்த வில்லியம் முர்ரே ஜெயித்தார். அன்றிரவு நடந்ததை டாயில் தன் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். போட்டி முடிந்து கிளம்பினால், ஜெயித்தவர் பொன்னிறச் சிலையை அக்குளில் இடுக்கிக்கொண்டு தெருவில் தனியாகப் போய்க்கொண்டிருந்தாராம். கையில் காசில்லை, ஊருக்கு ரயிலும் இல்லை, விடியும்வரை நடக்கப் போவதாகச் சொல்லியிருக்கிறார். டாயில்தான் தான் தங்கியிருந்த ஹோட்டலுக்கு அழைத்துப் போய் அறை வாங்கிக் கொடுத்தார். ஆல்பர்ட் ஹால் நிறைந்த கைதட்டல், ராத்திரி படுக்க இடமில்லை. இந்த விளையாட்டில் பணம் யார் பக்கம் போனது என்பதற்கு முதல் நாளே ஒரு படம் கிடைத்துவிட்டது.

பத்திரிகை, இரும்பு, மாவு

அமெரிக்காவில் இதைப் பிடித்துக்கொண்டவர் பெர்னார் மக்ஃபேடன், உடற்பயிற்சிப் பத்திரிகை முதலாளி. நியூயார்க்கின் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் போட்டி வைத்தார். 1921இல் அவர் நடத்திய போட்டியில் ஜெயித்த ஏஞ்சலோ சிசிலியானோ என்ற இத்தாலியப் பையன்தான் பிற்பாடு சார்லஸ் அட்லஸ் என்ற பெயரில் தபால் வழிப் பயிற்சி விற்றுப் பணக்காரரானார். பட்டம் வாங்குவது ஒரு பிழைப்பு, பட்டத்தை விற்பது வேறு பிழைப்பு என்பதை அட்லஸ் சரியாகப் புரிந்துகொண்டார்.

1940களில் அமெரிக்கப் போட்டிகளின் பிடி ஏஏயு என்ற அமெச்சூர் விளையாட்டுச் சங்கத்திடம் இருந்தது. அங்கே குரல் ஓங்கியிருந்தவர் பென்சில்வேனியாவின் யார்க் ஊரைச் சேர்ந்த பாப் ஹாஃப்மன். பார்பெல் தொழிற்சாலை வைத்திருந்தார். கூடவே ஒரு பத்திரிகையும். (பத்திரிகை இல்லாதவரை இந்தக் கதையில் பார்ப்பது கஷ்டம்.) அவருக்குப் பளுதூக்குதல்தான் உயிர். ஆணழகன்களை ‘கண்ணாடி முன்னால் நிற்கிறவர்கள்’ என்கிற மாதிரிதான் அந்த வட்டாரம் பார்த்தது. மிஸ்டர் அமெரிக்கா போட்டியைப் பளுதூக்கும் போட்டி முடிந்த பிறகு, ராத்திரி நேரங்கெட்ட நேரத்தில் நடத்துவார்கள். தசைக்கு மட்டும் மதிப்பெண் கொடுத்தால் கேவலம் என்று நினைத்தார்களோ என்னவோ, விளையாட்டுத் திறமைக்கும் மதிப்பெண் வைத்தார்கள். நேர்காணல் வைத்து ‘குணநலன்’ கூடப் பார்த்தார்கள்.

இந்தக் குணநலன் விவகாரம் பார்க்க நல்லதாகத் தெரியும். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் யார் என்று யோசித்தால் வேறு மாதிரி தெரியும். கறுப்பின வீரர்கள் வருஷக்கணக்கில் இரண்டாமிடம் வரை வந்து நின்றார்கள். கியூபாவின் பளுதூக்கும் வீரர் செர்ஜியோ ஒலிவா, 1962இல் ஜமைக்காவில் நடந்த போட்டிக்கு வந்த இடத்தில் தப்பி அமெரிக்கா சேர்ந்தவர். உடம்பென்றால் அப்படி ஒரு உடம்பு. 1966 ஏஏயு போட்டியில் சிறந்த தசைக்கான பரிசு அவருக்கு, மிஸ்டர் அமெரிக்கா பட்டம் பாப் காஜ்டாவுக்கு. ஏஏயு மேடையில் ஒரு கறுப்பினத்தவர் அந்தப் பட்டத்தை வாங்க 1970 வரை ஆனது. வாங்கியவர் கிறிஸ் டிக்கர்சன்; அலபாமா மாநிலத்தின் முதல் கறுப்பினப் பெண் வழக்கறிஞரின் மகன்.

ஒலிவா போய்ச் சேர்ந்த இடம் வீடர் சகோதரர்களின் மேடை. கனடாவின் மான்ட்ரியல் நகரத்து ஜோ வீடர், பென் வீடர். ஜோ 1940இல் வீட்டு மேசையில் உட்கார்ந்து ஒரு பத்திரிகை ஆரம்பித்தார். 1946இல் மான்ட்ரியலில் இவர்கள் ஒரு போட்டி நடத்தியபோது, கலந்துகொள்கிறவர்களை நீக்கிவிடுவோம் என்று ஏஏயு தரப்பு மிரட்டியதாகவும், அன்று ராத்திரியே ஐஎஃப்பிபி என்ற சொந்த அமைப்பை அறிவித்ததாகவும் வீடர்கள் சொல்வார்கள். பென் நாடு நாடாகப் பறந்து சங்கம் கட்டினார். ஜோ பத்திரிகையைப் பார்த்துக்கொண்டார். பத்திரிகை புரதமாவை விற்றது, மாவில் வந்த காசு போட்டியை நடத்தியது, போட்டியில் ஜெயித்தவன் பத்திரிகை அட்டைக்கு வந்து மாவு டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றான். சக்கரம் நிற்காமல் சுற்றியது. 1980களில் அமெரிக்க வணிகக் கண்காணிப்பு அமைப்பு, டப்பாவில் எழுதியிருப்பதை நிரூபிக்க முடியவில்லை என்று வழக்குத் தொடுத்து, வீடர் தரப்பு குறைந்தது 4 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. அதற்காகச் சக்கரம் நிற்கவில்லை.

வீடர் வில்லனா என்றால், இல்லை என்றுதான் சொல்வேன். ஹாஃப்மன் வட்டாரம் பின்கட்டில் வைத்திருந்த விளையாட்டை முன்வாசலுக்குக் கொண்டுவந்தது அவர்தான். ஆனால் வாசல் சாவி அவர் இடுப்பில் இருந்தது.

லண்டனில் இரண்டு வங்காளிகள்

இந்தியத் தொடர்பு ஒன்றைச் சொல்லாமல் போனால் தப்பு. லண்டனில் 1948இலிருந்து மிஸ்டர் யூனிவர்ஸ் நடந்தது. கொஞ்ச காலத்தில் நாபா என்ற பிரிட்டிஷ் அமைப்பு அதை எடுத்து நடத்தியது. அங்கே உயரப் பிரிவுகள் இருந்தன. 1951இல் மனதோஷ் ராய் தன் பிரிவில் ஜெயித்தார். அதே வருஷம் மனோகர் ஐச் இரண்டாமிடம். ஐச்சின் உயரம் 4 அடி 11 அங்குலம். ஊர் திரும்பாமல் லண்டனிலேயே பிரிட்டிஷ் ரயில்வேயில் ஒரு வேலை பார்த்துக்கொண்டு, மறு வருஷம் நின்று ஜெயித்துவிட்டுத்தான் கிளம்பினார். ஒரு பிரிட்டிஷ் அதிகாரியை அறைந்ததற்காகச் சிறைக்குப் போய், உள்ளேயே பயிற்சி செய்து உடம்பை ஏற்றிய ஆள். நூறு வயதைத் தாண்டி 2016இல்தான் காலமானார்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். மிஸ்டர் யூனிவர்ஸ், மிஸ்டர் வேர்ல்ட் எல்லாம் ஒரே பட்டம் இல்லை. நாபாவுக்கு ஒரு யூனிவர்ஸ், ஐஎஃப்பிபிக்கு ஒரு யூனிவர்ஸ். அமைப்பு உடைய உடையப் பட்டமும் பெருகியது. ஒரே வருஷத்தில் நம் செய்தித்தாள்களில் இரண்டு மூன்று ‘உலக ஆணழகன்’ வருவது இதனால்தான். யாரும் பொய் சொல்லவில்லை. எந்த அமைப்பு என்று கேட்க வேண்டியது நம் பொறுப்பு.

சிட்னியில் ஒரு ராத்திரி

யூனிவர்ஸ் ஜெயித்தவர்களுக்கு அதற்கு மேல் ஏற மேடை இல்லை என்பதால், அவர்களுக்காக ஜோ வீடர் ஆரம்பித்ததுதான் மிஸ்டர் ஒலிம்பியா. 1965 செப்டம்பரில் நியூயார்க்கின் புரூக்ளின் அகாடமி அரங்கில் முதல் போட்டி. லேரி ஸ்காட் ஜெயித்துக் கிரீடம் சூடினார், மறு வருஷமும் அவரே. அடுத்த மூன்று வருஷம் ஒலிவா. 1968இல் அவரை எதிர்த்து நிற்கவே ஆளில்லை. பிறகு வந்தார் ஆர்னால்ட் ஷ்வார்செனேகர். 1970 முதல் 75 வரை ஆறு முறை. அதில் 1971 பாரிஸ் மேடையில் அவர் மட்டும்தான் நின்றார்! உலகத்தின் சிறந்த உடம்பு யாருடையது என்ற போட்டியில் எதிராளியே இல்லை.

1975இல் ஓய்வு அறிவித்துவிட்டு சினிமாவுக்குப் போனவர், 1980இல் சிட்னி ஓபரா ஹவுஸில் நடந்த ஒலிம்பியாவுக்கு வந்தார். தொலைக்காட்சி வர்ணனைக்குத்தான் வருகிறார் என்று மற்றவர்கள் நினைத்திருந்தார்கள். ஒரு பட வேலைக்காக உடம்பை ஏற்றி வைத்திருந்ததால் யாருக்கும் சந்தேகமும் வரவில்லை. கடைசி நேரத்தில் பார்த்தால் போட்டியாளர் பட்டியலில் அவர் பெயர். அதுவரை 200 பவுண்டுக்கு மேல், கீழ் என்று இரண்டு பிரிவுகள் இருந்தன. அந்த வருஷம் அதை எடுத்துவிட்டிருந்தார்கள். முந்தின நாள் கூட்டத்தில் மைக் மென்ட்ஸர் இதைப் பற்றிப் பேச்செடுக்க, ஆர்னால்ட் அவர் தொப்பையைக் கிண்டலடிக்க, இருவரும் கைகலப்பு வரை போனார்கள். முந்தின வருஷம் தன் பிரிவில் நடுவர்களிடம் முழு மதிப்பெண் வாங்கிய மென்ட்ஸர் அவர்.

முடிவு: ஆர்னால்ட் முதலிடம், டிக்கர்சன் இரண்டு, ஃபிராங்க் ஸேன் மூன்று, பாயர் கோ நான்கு, மென்ட்ஸர் ஐந்து. அரங்கில் கூச்சல். பழைய படங்களை எடுத்துப் பாருங்கள். அந்த ஆர்னால்ட் 1974இன் ஆர்னால்ட் இல்லை, தொடை முன்போல் இல்லை என்பது எனக்கே தெரிகிறது. அதற்காகத் தீர்ப்பு விலைக்கு வாங்கப்பட்டது என்று சொல்ல யாரிடமும் ஆதாரமில்லை. ஆர்னால்ட் இருந்தால் கூட்டம் வரும், பத்திரிகை விற்கும், மாவு விற்கும் என்பது மட்டும் அரங்கில் இருந்த எல்லோருக்கும் தெரியும். நடுவர்களுக்கும் தெரியும். மறு வருஷப் போட்டியை மென்ட்ஸர், ஸேன், கோ எல்லோரும் புறக்கணித்தார்கள். மென்ட்ஸர் அதன் பிறகு மேடையேறவே இல்லை.

ஊசியும் தண்ணீரும்

இதைப் பேசாமல் திரைமறைவுக் கதை முழுசாகாது. 1950களில் சோவியத் பளுதூக்கும் வீரர்கள் ஆண்மை ஹார்மோனைப் பயன்படுத்துகிறார்கள் என்ற பேச்சு அமெரிக்கர்களுக்கு எட்டியது. யார்க் வட்டாரத்தோடு பழகிய ஜான் ஸீக்லர் என்ற டாக்டர், 1958இல் சந்தைக்கு வந்த டயனபால் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை அங்கிருந்த வீரர்களுக்குக் கொடுத்தார். பின்னாளில் அதற்காக அவரே வருத்தப்பட்டார். மாத்திரை ஜிம்முக்கு ஜிம் பரவியது. 1990இல் அமெரிக்கா ஸ்டீராய்டைச் சட்டத்தால் கட்டுப்படுத்தியது. அந்த வருஷம் ஒலிம்பியாவில் பரிசோதனை நடத்தினார்கள். ஆர்னால்ட் பெயரில் நடக்கும் போட்டியில் முதலிடம் வந்த ஷான் ரேயின் பட்டம் பரிசோதனையில் பறிபோனது. ரசிகர்களுக்குக் கொஞ்சம் சுருங்கிய உடம்புகள் பிடிக்கவில்லை. பரிசோதனை பின்னால் போனது, உடம்பு மறுபடி பெருத்தது. 1990களில் டோரியன் யேட்ஸ் சுமார் 118 கிலோவில் மேடையேறினார். 2004இல் ரானி கோல்மன் 134 கிலோ. எட்டு முறை ஒலிம்பியா ஜெயித்த அந்த டெக்ஸாஸ் போலீஸ்காரர், முதுகிலும் இடுப்பிலும் அடுக்கடுக்காக அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு இப்போது துணையில்லாமல் நடக்க முடியாத நிலையில் இருக்கிறார்.

ஸ்டீராய்டைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். மேடைக்கு முந்தின நாள் இன்னும் ஆபத்தானது வேறு உண்டு: உடம்பிலிருக்கும் நீரை வெளியேற்றும் மாத்திரைகள். கட்ஸ் தெரிய வேண்டும் என்பதற்காக நீரை வற்ற வைக்கும்போது பொட்டாசியம் மாதிரி உப்புகளின் கணக்குக் குலைந்துபோகும். இதயம் அந்தக் கணக்கை நம்பித்தான் துடிக்கிறது. 1992இல் மொஹமட் பெனஸிஸா நெதர்லாந்தில் ஒரு போட்டி முடிந்த கையோடு இறந்தார். 1996இல் ஆஸ்திரியாவின் ஆண்ட்ரியாஸ் முன்ஸர். மேடையில் மிக ஆரோக்கியமாகத் தெரியும் அந்த நிமிஷம்தான் உடம்பு மிகப் பலவீனமாக இருக்கும் நிமிஷம் என்பது இந்த விளையாட்டின் பெரிய விநோதம்.

பெண்கள் விஷயத்தில் மேசையின் கை இன்னும் அப்பட்டமாகத் தெரியும். 1980இல் மிஸ் ஒலிம்பியா தொடங்கியது, ரேச்சல் மெக்லிஷ் ஜெயித்தார். 1983இல் லாஸ் வேகாஸில் நடந்த வேறொரு போட்டியில் ஆஸ்திரேலியப் பளுவீராங்கனை பெவ் ஃபிரான்சிஸ், அதுவரை எந்தப் பெண்ணிடமும் பார்த்திராத தசையோடு வந்து நின்றார். எட்டாமிடம் கொடுத்தார்கள். ‘பெண்மை’ குறைவாம். தசைப் போட்டியில் தசை அதிகம் என்று ஒருவர் தோற்றார். 2000களின் நடுவில் ஐஎஃப்பிபி, பெண் போட்டியாளர்கள் தசையை 20 சதவீதம் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று சுற்றறிக்கையே அனுப்பியது. எதில் 20 சதவீதம், எப்படி அளப்பது? கேட்டால் பதில் கிடையாது. அளவுநாடா இல்லாத பந்தயம் என்று முதலிலேயே சொன்னேனே.

வீடரின் சாவியைப் பிடுங்கப் பார்த்தவரும் உண்டு. மல்யுத்தக் காட்சிகளால் பணம் பார்த்த வின்ஸ் மக்மேன், 1990 ஒலிம்பியா நடந்த சிகாகோவிலேயே தன் ஆட்களை விட்டுப் புதுப் போட்டி அமைப்பை அறிவித்தார். வீரர்களுக்கு மாதச் சம்பளம் மாதிரி ஒப்பந்தம், புகை, விளக்கு, வேஷம் எல்லாம் உண்டு. இரண்டு போட்டிதான் நடந்தது. 1992 ஜூலையில் மூடிவிட்டார்கள். போனவர்கள் அபராதம் கட்டிவிட்டு வீடரிடமே திரும்பினார்கள்.

இப்போது வீடர் சகோதரர்கள் இல்லை. 2017இல் ஐஎஃப்பிபியின் தொழில்முறைப் பிரிவு தனியாகப் பிரிந்து போய்விட்டது. 2024இல் ஒலிம்பியா முதல் பரிசு 6 லட்சம் டாலர், சுமார் 5 கோடி ரூபாய். பெருத்த உடம்பு சலித்துப்போன ரசிகர்களுக்காக, உயரத்துக்கு இவ்வளவு எடைதான் என்று வரம்பு கட்டிய கிளாசிக் பிரிவு 2016இல் வந்தது. சாண்டோவின் பழைய சமநிலை வேறு பெயரில் திரும்பியிருக்கிறது.

ஒருமுறை நண்பன் ஒருவனுக்குத் துணையாக மாவட்டப் போட்டி ஒன்றுக்குப் போனேன். கல்யாண மண்டபம். மணமேடைதான் மேடை, சமையல் கட்டுதான் பின்னறை. பெரிய அண்டாக்களுக்கு நடுவில் பாய் விரித்து, காலைப் பிளாஸ்டிக் நாற்காலி மேல் தூக்கி வைத்துப் படுத்திருந்தார்கள் போட்டியாளர்கள். யாரும் பேசவில்லை, பேசினால் நாக்கு வறளும். முந்தின நாளிலிருந்து தண்ணீர் குடிக்காத நாக்கு. “மாப்ள, முதுகுல திட்டு விழாம தேய்டா” என்று ஸ்பாஞ்சைக் கையில் கொடுத்தான். மூன்று கோட் பூசினேன். என் சட்டைக் கையில் ஒட்டிய கறை இன்னும் போகவில்லை. ஒரு ஸ்பூன் தேன், நான்கு உலர்ந்த திராட்சை, ரப்பர் பட்டையை இழுத்துத் தசை புடைக்கப் பம்ப் ஏற்ற ஆரம்பித்தான். பாதியில் அவனுடைய எடைப்பிரிவைக் கூப்பிட்டுவிட்டார்கள். வரிசையை மாற்றியதை யாரும் வந்து சொல்லவில்லை.

நான்காமிடம் வந்தது. முடிந்ததும் பந்தி அறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு நடுவரிடம் போய் நின்றான்.

“சார், எங்க குறைஞ்சதுன்னு சொன்னா அடுத்த தடவை சரி பண்ணிக்குவேன்.”

அவர் நல்ல மனிதர். நிமிர்ந்து அவனை முழுசாகப் பார்த்தார். “கட்ஸ் எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு தம்பி. இந்த வருஷம் சைஸ் பாக்கச் சொல்லிட்டாங்க.”

யார் சொன்னார்கள் என்று அவன் கேட்கவில்லை. வெளியே வந்து, வண்டியின் சீட் மேல் உட்கார்ந்து, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை வாயெடுக்காமல் குடித்து முடித்தான். வியர்வையில் பழுப்புச் சாயம் கழுத்தோரம் கோடாக இறங்கிக்கொண்டிருந்தது.